வெற்றிலை வைக்காத குரூப்

எங்கள் காட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தரையில் இல்லை. மிளகுக்கொடி சுற்றிய பெரிய சில்வர் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, மேல் பாதிக்கு ஏறினால் கிடைக்கும். வீட்டுக்குள் என் போன் நல்ல டார்ச் லைட்டாக வேலை செய்யும், அவ்வளவுதான். அதனால் உலகத்துச் செய்தியெல்லாம் நான் மிளகு பறிக்க ஏறும்போதுதான் மொத்தமாக வந்து இறங்கும். இடுப்பில் சாக்கு, ஒரு கை மரத்தில், ஒரு கை கொடியில். சட்டைப் பையில் டிங் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்த நிலைமையில் எவனோ ஒருவன் எனக்கு இனிய காலை வணக்கம் சொல்கிறான். நான் விழுந்தால் அதே ஆள் கண்ணீர் அஞ்சலியும் போடுவான்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. என் ஒரே தங்கச்சி மகளின் கல்யாணச் சமயத்தில் நான் உறவை முறித்துக்கொண்டேன் என்று இரண்டு நாட்டு ஜனமும் பேசியது. நான் முறிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இங்கே பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. நான் பெரக்கரை நாடு. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது குண்டனி நாட்டில். எங்கள் மலையில் இரண்டு விஷயத்துக்கு மறுபேச்சு கிடையாது. ஒன்று, கல்யாணத்துக்கு அழைப்பதென்றால் பெண்ணைப் பெற்றவர்கள் வீடு தேடி வந்து தாய்மாமன் கையில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். பத்திரிகை அடிப்பதெல்லாம் பின்னால் வந்த பழக்கம், அது அலமாரியில் செருகி வைக்கத்தான். இன்னொன்று, ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவன் கடைசியில் வெற்றிலைத் தட்டு சுற்றி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. சொல்லாமல் எழுந்து போனால் உங்கள் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். அப்படிப் போனவனைத் திரும்ப உட்கார வைக்க இன்னொரு கூட்டம் போட வேண்டும். இதெல்லாம் யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

தங்கச்சி மகன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. அவன்தான் சொந்தபந்தம் எல்லாரையும் சேர்த்துப் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தான். என்னையும் சேர்த்தான், நான் கேட்கவே இல்லை. அதில் இருக்கிற முக்கால்வாசிப் பேரை நேரில் பார்த்தால் எனக்குப் பேச ஒன்றும் இருக்காது. என் ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் அதிலேயே குடியிருக்கிறான். யார் எது சொன்னாலும் சிவப்பாக ஓர் இதயம் போடுவான். நான் பலாப்பழம் போட்டோ போட்டாலும் இதயம், குழந்தை பிறந்தாலும் இதயம், மாடு செத்தாலும் இதயம். அவனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவான்.

தை மாதம், மிளகு பறிப்பு மும்முரமாக நடக்கிறது. ஏணி உச்சியில் நிற்கும்போது பையில் டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் பிள்ளையார் ஆடுகிறார். நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது. மேலேயிருந்து பூவாகக் கொட்டுகிறது. பூவுக்கு நடுவில் தங்கச்சி மகள் பெயரும் மாப்பிள்ளை பெயரும். அடியில் ‘அனைவரும் வருக’ என்று இருந்தது.

அனைவரும் என்றால் யார்? சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி நறுக்கி விற்கிறவரும் அனைவரும்தான். கொண்டை ஊசி வளைவில் குரங்கோடு போட்டோ எடுக்கிற டூரிஸ்டும் அனைவரும்தான். அவர்களோடு நானும் ஒருவனா? அந்தப் பெண்ணுக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்கார்ந்திருந்தாள். வலி பொறுக்காமல் என் புறங்கையைக் கடித்துவிட்டாள். அந்தத் தழும்பு இருக்கிற கையில்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் பச்சை மிளகு, பழுத்த மிளகு என்று பார்க்காமல் உருவி எறிந்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

“தங்கச்சி ஊட்டுலருந்து கல்யாணத்துக்கு அழைச்சிருக்காங்க” என்று மனைவியிடம் சொன்னேன்.

“எப்ப வந்தாங்க? நான் ஊட்லதானே இருக்கறேன்” என்று அவள் வாசலை எட்டிப் பார்த்தாள்.

“வரல. டிங்குன்னு வந்துச்சு.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப அழைச்சாச்சுங்க, உடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என் மனைவிக்கு எதையும் சீக்கிரம் முடித்தாக வேண்டும்.

ஆனாலும் தங்கச்சி நேரில் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. பொம்மைப் பிள்ளையாரை அனுப்பியது பையன் வேலை, அவள் வெற்றிலையோடு வருவாள். காலையில் எழுந்ததும் முகச்சவரம் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன். வெள்ளை வேட்டியோடு மரம் ஏற முடியாது. கொடியில் மிளகு பழுத்து உதிர்ந்தது. நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து துண்டைச் சரிசெய்தேன். ஒரு நாள் வாழைத்தார் வியாபாரி வந்தான். இன்னொரு நாள் பட்டணத்துப் பையன்கள் பைக்கில் வந்து இறங்கி, இங்கே அருவி எங்கே என்று கேட்டார்கள். அருவி அந்தப் பக்கம் என்றேன். இல்லை, போன் இந்த வீட்டைத்தான் காட்டுகிறது என்று என்னிடமே வாதாடினார்கள். வேண்டுமானால் குடத்தில் தண்ணீர் இருக்கிறது, தலையில் ஊற்றிவிடவா என்று கேட்டேன். தங்கச்சி மட்டும் வரவில்லை.

பொறுத்துப் பார்த்த மனைவி, “ஏனுங்க, மரத்து மேல ஏறி அந்தப் பையனுக்கு ஒரு போன் போட்டுத்தான் கேளுங்களேன்” என்றாள். ஏறினேன்.

“மாமா, அனுப்புனது வந்துச்சுங்கல்ல? நீலக் கலர்ல ரெண்டு டிக் உழுந்திருச்சுங்க மாமா. நீங்க பாத்துட்டீங்க. அம்மாகிட்டயும் மாமாவை அழைச்சாச்சுன்னு சொல்லிட்டேனுங்க.”

“டிக்கு என்ன வெத்தலையா சாமி?”

“இப்ப எல்லாருமே இப்படித்தானுங்க மாமா பண்றாங்க.”

எல்லாரும் எப்படிப் பண்ணுகிறார்கள் என்று நான் கேட்பதற்குள் காற்று அடித்து மரம் ஆடியது. சிக்னல் போய்விட்டது. நல்லவேளை, இல்லாவிட்டால் அந்த உயரத்தில் நின்று சொல்லக் கூடாத ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு குரூப்பில் வாழ்த்து மழை. வாழ்த்துக்கள் என்று ஒருவர் போட்டால் போதும், வரிசையாக அத்தனை பேரும் போட்டார்கள். கை கூப்புகிற படம், விளக்கு எரிகிற படம், கட்டிப்பிடிக்கிற கரடி. ஒன்றுவிட்ட தம்பி ஒவ்வொரு வாழ்த்துக்கும் தனித்தனியாக இதயம் போட்டான். ஒவ்வொன்றுக்கும் என் பையில் ஒரு டிங். வேலை ஓடவில்லை. இந்தச் சத்தத்தை நிறுத்தலாம் என்று சோளக்காட்டில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். முழங்கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரலால் எதையோ அமுக்கினேன். நிஜமாகவா என்று போன் ஏதோ கேட்டது. ஆமாம் என்று மறுபடி அமுக்கினேன். சத்தம் சுத்தமாக நின்றது. குருவிச் சத்தமெல்லாம் கேட்டது. அன்றைக்கு நிம்மதியாக மிளகு பறித்தேன்.

அடுத்த சந்தை நாளில் காய்ந்த மிளகை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனேன். அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் பாய் ஒருவருக்குத்தான் வழக்கமாகப் போடுவேன். அவர் தராசைத் தொடவே இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

“ஏனுங்க, தங்கச்சி ஊட்டு ஒறவே வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டீங்களாமே?”

“எங்கிருந்து எந்திரிச்சு வந்தேன்?”

“குரூப்புலருந்து. எங்க ஊருக்கே சேதி வந்துருச்சுங்க. அத்தனை சொந்தமும் உக்காந்திருக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லாம வெளிய போயிட்டாராம்னு பேசிக்கறாங்க.”

என் போனை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், வெளியில்தான் இருக்கிறேன் என்று உறுதி செய்தார். எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அந்தச் செய்தி அடிவாரம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நானெல்லாம் பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் அவ்வளவு தூரம் போனதே கிடையாது.

“கை பட்டிருக்குமுங்க. பையனுக்கு ஒரு போன் போடுங்க, மறுபடி சேத்துடுவான். எங்க பெரியத்தாகூட வாரத்துக்கு ஒருக்கா குரூப்பை உட்டுப் போயிருவாரு. போனைச் சட்டையில தொடைக்கறப்ப பட்டுரும்” என்றார் பாய்.

நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. கொய்யாக் கூடைக்காரி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். கை பட்டுவிட்டது என்று சொன்னால் போன் தெரியாத கிழவன் என்பார்கள். வேண்டுமென்றே வந்தேன் என்றால் ரோஷக்காரன் என்பார்கள். எங்கள் மலையில் ரோஷக்காரன் இலையில்தான் முதலில் சோறு விழும்.

“வந்தேன்தான். வெத்தலை வெக்காத எடத்துல எனக்கென்ன வேலை?” என்று சத்தமாகவே சொன்னேன். நான் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் அதுவும் குண்டனி நாட்டுக்குப் போய்விட்டது.

அதன் பலன் சீக்கிரமே தெரிந்தது. கல்யாணத்தன்று பெண்ணுக்கு மாலை போட்டு, கைப்பிடித்துப் பந்தலுக்குக் கூட்டி வருவது தாய்மாமன். அந்த மாமன் உறவே வேண்டாம் என்று போய்விட்டதால், தங்கச்சிக்கு அண்ணன் முறையாகிற என் ஒன்றுவிட்ட தம்பியை வைத்துச் செய்துகொள்வதாகப் பேச்சாம். மனைவி எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னாள். இதயம் போடுகிறவன் பட்டுச் சட்டை வாங்கி, அதைப் போட்டுப் பார்த்து, படமும் போட்டிருக்கிறானாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் என்று மனைவியிடம் சொன்னேன். கோபம் இல்லை, அழுகை வந்தது. அந்தப் பெண்ணின் கையை அவன் பிடித்துக் கூட்டி வருவதை நினைக்கவே முடியவில்லை.

மனைவிதான் ஊருக்குத் தலைவரான எங்கள் ஊர்க்கவுண்டரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் குண்டனி நாட்டுப் பெரியவர்களிடம் பேசி, தங்கச்சி ஊரில் கோயில் முன்னால் கூட்டம் போட ஏற்பாடு பண்ணினார். அந்த ஊரில் சிக்னலுக்குப் பஞ்சமே இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே டிங் டிங் என்கிறது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தங்கச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பக்கத்தில் மகள். என் எதிரில் ஒன்றுவிட்ட தம்பி, பட்டுச் சட்டை இல்லாமல். பஞ்சாயத்து பேச, தங்கச்சி ஊருக்கு ஊர்க்கவுண்டராக இருக்கிறவர் உட்கார்ந்தார். வயதானவர், நெல்லிக்காய் மாதிரி பட்டன் வைத்த பழைய போன்காரர். தங்கச்சி மகனை முன்னால் கூப்பிட்டார்.

“குரூப்புன்னா என்ன சாமி?”

“எல்லாரும் ஒரே எடத்துல இருந்து பேசிக்கறதுங்க.”

“எந்த எடத்துல?”

பையன் யோசித்தான். “எடம்னு ஒண்ணும் இல்லீங்க. அவங்கவங்க ஊட்டுலதான் இருப்பாங்க.”

“ஊட்டுல உக்காந்தே கூட்டமா? செரி. ஆளுகளை யாரு அழைச்சது?”

“நானுங்க. நான்தான் அட்மின்.”

“வெத்தலை வெச்சா?”

“இல்லீங்க, நம்பரை வெச்சுங்க.”

ஊர்க்கவுண்டர் கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். “அப்ப அது வெத்தலை வெக்காத கூட்டம். அதுல உக்காந்ததும் செல்லாது, எந்திரிச்சதும் செல்லாது” என்றார்.

ஒன்றுவிட்ட தம்பிக்குப் பொறுக்கவில்லை. “அதெப்படிங்க? அவரு தெனமும் உள்ள வந்து பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. பலாப்பழம் போட்டோவெல்லாம் போட்டாரு, நான் இதயம்கூடப் போட்டேன்.”

“அழைக்காத ஊட்டுக்குப் பலாப்பழத்தோட போனது அவரு பெருந்தன்மை. நீ உக்காருப்பா” என்றார் ஊர்க்கவுண்டர். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீயும் ஒண்ணு சொல்லோணும். கோவத்துல எந்திரிச்சயா, என்ன ஆச்சு?”

வெற்றிலை வைக்கவில்லை, அதனால் எழுந்தேன் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ரோஷக்காரன் பட்டத்தோடு வீடு திரும்பியிருக்கலாம். தங்கச்சியைப் பார்த்தேன். கல்யாணம் வைத்த வீட்டுப் பெண்பிள்ளை மாதிரி இல்லை, காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி இருந்தாள்.

“சத்தம் பொறுக்க முடியாம எதையோ அமுக்கினேனுங்க. எது எதுன்னு எனக்குத் தெரியாதுங்க” என்றேன்.

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. தங்கச்சி சிரிக்கவில்லை. முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

“எனக்கும் தெரியாதுங்ணா” என்றாள். “வெத்தலை பாக்கெல்லாம் எடுத்துக் கட்டி வெச்சிருந்தேன். பையன்தான் டிக்கு உழுந்திருச்சும்மா, மாமனுக்குப் போய்ச் சேந்துருச்சுன்னான். நானே வந்து உங்க கையில குடுத்த மாதிரிதான்னு நெனச்சுப்போட்டேன்.”

ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். தங்கச்சி இங்கேயே அண்ணன் கையில் வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். செல்லுமோ செல்லாதோ, இவன் வெளியே போனதை அத்தனை சொந்தமும் பார்த்துவிட்டது. அதனால் எல்லாரும் பார்க்க உள்ளே வரவேண்டும். அதையும் அழைக்கிறவளே செய்ய வேண்டும், பையன் கை படக் கூடாது.

வெற்றிலை வைப்பது சுலபமாக முடிந்தது. பையன் போனை அவள் மடியில் வைத்து, எங்கே தொடவேண்டும் என்று காட்டிவிட்டுத் தள்ளி நின்றான். தங்கச்சி தொட்டாள். போன் அசையவில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன விரல் அது, போனுக்கு விரலாகவே தெரியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள். வாயால் ஊதிவிட்டுத் தொட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் தொட்டுக்கொண்டிருந்தது என் படத்தை. நான் ஏணியில் நிற்கும்போது அவள் மகள் கீழேயிருந்து எடுத்த படம். பாதிக்கு மேல் என் பாதம்தான் இருக்கும். அந்தப் பாதத்தை அமுக்கி அமுக்கி, “உள்ள வாங்ணா” என்று அவள் போனிடம் மெதுவாகச் சொன்னாள்.

“பக்கத்துலதான் நிக்கறேன் கண்ணு” என்றேன். நான் அமுக்குகிறேன் என்று என் கட்டைவிரலை வைத்தேன். வேண்டாதபோது வெளியே தள்ளிய அதே கட்டைவிரல், வேண்டும்போது வேலை செய்யவில்லை. கடைசியில் கல்யாணப் பெண் எழுந்து வந்தாள். அம்மா விரலைப் பிடித்து, நகத்துக்குக் கீழே இருந்த கொஞ்சம் மெத்தென்ற இடத்தை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினாள். என் சட்டைப் பையில் டிங் என்றது.

மொத்தக் கூட்டமும் என் பையைப் பார்த்தது.

“உள்ள வந்தாச்சா?” என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

“வந்தாச்சுங்க” என்றேன். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. முடியும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எதிரில் இருந்த ஒன்றுவிட்ட தம்பி குனிந்து போனில் ஏதோ செய்தான். என் பையில் மறுபடி ஒரு டிங். எடுத்துப் பார்க்காமலே தெரியும், இதயம்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாலை போட்டு, தழும்புக் கையால் பெண்ணைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டி வந்தேன். பட்டுச் சட்டைக்காரன் எங்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து முழுவதையும் போனில் எடுத்தான். வாழைமரத்தில் ஒருமுறை முட்டிக்கொண்டான். எனக்கு ஒரு குறையும் இல்லை.

பெண்ணுக்கு மாப்பிள்ளையோடு திருப்பூரில் குடித்தனம். மகனும் கோயம்புத்தூர் திரும்பிவிட்டான். போவதற்கு முன்னால் மகள் அம்மாவுக்குத் தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு காரியம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நகத்துக்குக் கீழே இருக்கிற இடத்தை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், விட்டால் பேச்சு அப்படியே போய்ச் சேர்ந்துவிடும். தங்கச்சி அதை குரூப்பில் செய்வதில்லை. எனக்கு மட்டும் தினமும் அனுப்புகிறாள். பின்னால் கோழி கத்தும். “ஏனுங்ணா, தின்னாச்சுங்களா?” என்று கேட்பாள். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. நானும் அமுக்கிப் பிடித்து, “ஆச்சு கண்ணு, நீ?” என்பேன்.

மிளகு பறித்து, காயவைத்து, விற்றும் ஆகிவிட்டது. மற்ற ஏணிகளையெல்லாம் கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். பெரிய சில்வர் மரத்து ஏணி மட்டும் அப்படியே சாய்ந்திருக்கிறது. கொடியில் ஒரு மிளகுகூட இல்லாத மரத்தில் தினமும் எதற்கு ஏறுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கொடிக்கு வாடல் நோய் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. காலையில் சாப்பிடாமல்கூட ஏறிவிடுகிறேன். மேல் பாதிக்குப் போய், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, டிங் என்று வரும்வரை நிற்கிறேன்.